மரச்சில்லு பாய்லர்: பள்ளிக்கூடத்துக்கும் விறகுக்கும் என்ன கணக்கு?

சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பறைகளுக்குச் சூடேற்ற டெண்டர் விட்டால், மறுநாள் அது கார்ட்டூனாக வந்துவிடும். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய கதை. மிக அதிகம் 45 டிகிரி, 2003 மே 31ஆம் தேதி. மார்கழியில் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு வந்து, பத்து மணிக்கு அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொள்வார்கள். நம் குளிர்காலம் அவ்வளவுதான்.

பிறகு எதற்கு இந்தப் பேச்சு? வட சென்னையில் எதையாவது எரிக்கும் திட்டம் வரும்போதெல்லாம் வெளிநாட்டு உதாரணங்களும் கூடவே வந்து இறங்கும். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை அங்குள்ள மக்கள் எதிர்த்து வருகிறார்கள். இந்த நேரத்தில், ‘அமெரிக்காவில் பள்ளிக்கூட வளாகத்திலேயே மரக்கழிவை எரிக்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன’ என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும். எரிக்கிறார்கள் என்பது உண்மை. சுமார் நாற்பது வருஷமாக எரிக்கிறார்கள், பெரும்பாலும் நன்றாகவே எரிக்கிறார்கள். அங்கே அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இங்கே எது பொருந்தும், எது பொருந்தாது என்று பேச முடியும்.

இதில் அடிக்கடி அடிபடும் பெயர் வெர்மான்ட். அமெரிக்காவின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டிய சின்ன மாநிலம். நிலத்தில் முக்கால் பங்கு காடு. அக்டோபரில் தொடங்கும் குளிர் ஏப்ரல் வரை விடாது. ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போவதெல்லாம் அங்கே செய்தியே இல்லை. அந்தக் குளிரில் பள்ளியைச் சூடாக வைக்காவிட்டால் பிள்ளைகள் வரமுடியாது என்பது ஒரு பக்கம்; குழாயில் இருக்கும் தண்ணீரே உறைந்து குழாய் வெடித்துவிடும். 1970களில் எண்ணெய் விலை இரண்டு முறை எகிறியபோது, வெளியிலிருந்து எண்ணெய் வாங்கிப் பள்ளியைச் சூடாக்குவது கையைக் கடித்தது. காடும் மர அறுவை மில்களும் பக்கத்திலேயே இருந்தன. 1980களில் சில பள்ளிகள் மரச்சில்லுக்கு மாறின. இப்போது அந்த மாநிலத்துப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மரத்தின் சூட்டில்தான் படிக்கிறார்.

மரச்சில்லு என்றால் மரக்கட்டையை இயந்திரத்தில் போட்டுத் தீப்பெட்டியைவிடச் சின்னதாக நொறுக்கிய துண்டு. லாரி வந்து பள்ளியின் பின்பக்கம் தரைக்கடியில் இருக்கும் குழியில் அதைக் கொட்டிவிட்டுப் போகும். குழியின் அடியில் சுழலும் இரும்புத் திருகு சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உலைக்குள் தள்ளும். உலையில் இரண்டு கட்டமாக எரிதல் நடக்கும். முதலில் கீழே குறைந்த காற்றில் மரம் வெந்து வாயுவாகும். பிறகு அந்த வாயு மேலே கூடுதல் காற்றோடு கலந்து, ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் எரிந்து தீரும். அந்தச் சூடு தண்ணீரை ஏற்றும், தண்ணீர் குழாய் வழியாக வகுப்பறைகளைச் சுற்றி வரும். வெளியே குளிர் கூடினால் திருகு வேகமாகச் சுற்றும், குறைந்தால் மெதுவாகும். எல்லாம் தானியங்கி. பள்ளியின் பராமரிப்பு ஊழியர் தினமும் ஒரு முறை வந்து சாம்பலைப் பார்ப்பார், திருகில் நீளக் குச்சி ஏதாவது சிக்கியிருந்தால் எடுத்துப்போடுவார்.

நல்ல எரிதலின் ரகசியமே அந்த இரண்டாவது கட்டம்தான். நாம் புகை என்று சொல்வது எரிந்து தீராத மரம். வாயுவாக மாறிய பிறகு போதிய சூடும் காற்றும் கிடைக்காமல் பாதியில் தப்பித்துப் போன எரிபொருள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்: தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடுகிறது, உலைச் சூடு இறங்குகிறது, புகை கிளம்புகிறது.

அதனால் இந்தத் தொழிலில் விலையைவிட முதலில் கேட்கும் கேள்வி ஈரம் எவ்வளவு என்பதுதான். நன்றாக உலர்ந்த மரத்தில் கிலோவுக்கு 18, 19 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர். அதில் உருப்படியாகக் கிடைப்பது 10 மெகாஜூலுக்குள். டீசல் போன்ற சூடேற்றும் எண்ணெயில் கிலோவுக்கு 42. ஒரு டன் பச்சைச் சில்லு எரித்தால் சுமார் 200 லிட்டர் எண்ணெய் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில்லு இடத்தை அடைக்கும். ஒரே அளவு வெப்பத்துக்கு எண்ணெயைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு கொள்ளளவு வேண்டும். அதனால்தான் மரச்சில்லைத் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் முதலீடு. எண்ணெய் பாய்லரோடு ஒப்பிட்டால் குழி, திருகு, உலை, உயரமான புகைபோக்கி எல்லாம் சேர்த்து மரச்சில்லு அமைப்புக்குப் பல மடங்கு செலவு. போதாததற்குப் பழைய எண்ணெய் பாய்லரையும் கழற்ற மாட்டார்கள். மரம் வராத நாளுக்கும் கடுங்குளிர் நாளுக்கும் துணைக்கு அது வேண்டும். வெர்மான்ட்டில் அரசு மானியம் கணிசமாகக் கிடைத்ததால்தான் பள்ளிகள் துணிந்தன. போட்ட பணம் திரும்பி வருவது எரிபொருள் விலை வித்தியாசத்தில். அதற்கு பாய்லர் வருஷத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியாக வேண்டும். இந்த மணிக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மான்டானா மாநிலத்தின் டார்பி என்ற சிற்றூர் வேறு வழியில் இதற்கு வந்தது. 2000ஆம் ஆண்டு அங்கே பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் காட்டுத்தீ பிடித்து லட்சக்கணக்கான ஏக்கர் எரிந்தது. அடர்ந்து வளர்ந்த சின்ன மரங்களை அவ்வப்போது எடுத்து அப்புறப்படுத்தாவிட்டால் மறுபடியும் எரியும் என்பது வனத்துறைக்குத் தெரியும். ஆனால் அந்தச் சின்ன மரத்தை வாங்க ஆள் இல்லை. பலகைக்கு ஆகாது, காகித ஆலை தூரத்தில். அப்போதுதான் அமெரிக்க வனத்துறை பள்ளிகளை வாடிக்கையாளராக்கியது. 2003இல் டார்பியில் பாய்லர் பற்றவைக்கப்பட்டது; மூன்று பள்ளிக் கட்டடங்களுக்கு அதிலிருந்து சூடு. காட்டில் தீக்குத் தீனியாக இருந்ததைக் கொண்டுவந்து கட்டுப்பாடாக எரிக்கிறார்கள், அவ்வளவுதான் அதன் தர்க்கம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உதாரணம் இது. எரிபொருள் தேடிக் காட்டுக்குப் போகவில்லை; ஏற்கெனவே அகற்றவேண்டியிருந்த பொருளுக்கு ஒரு நிலையான வாங்குபவரைக் கண்டுபிடித்தார்கள்.

அதே யோசனை தலைகீழாகப் போன இடமும் உண்டு. வட அயர்லாந்தில் 2012இல் மர பாய்லர் வைப்பவர்களுக்கு மானியத் திட்டம் வந்தது. எவ்வளவு வெப்பம் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம். உச்சவரம்பு வைக்க மறந்துவிட்டார்கள். எரிபொருளுக்கு ஒரு பவுண்டு செலவழித்தால் அரசிடமிருந்து 1.60 பவுண்டு வரும் என்ற நிலை. ஆளே இல்லாத கொட்டகைகளுக்கு இரவும் பகலும் சூடேற்றுகிறார்கள் என்று புகார் கிளம்பியது. சாம்பலுக்குக் காசு என்று ஊரே கேலி செய்த அந்த விவகாரம் முற்றி, 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, அரசே கவிழ்ந்தது. தொழில்நுட்பத்தில் அங்கே ஒரு கோளாறும் இல்லை, ரசீதில்தான் கோளாறு. டெண்டர், கமிஷன் எல்லாம் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வட சென்னையின் மரம்

இனி நம் பக்கம் வருவோம். வட சென்னைக்கும் விறகுக்கும் உறவு புதிதில்லை. 1800களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பிறகு பழவேற்காட்டையும் தாண்டி ஆந்திரக் கடற்கரை வரை நீண்டது. 1878இல்தான் அதற்கு பக்கிங்ஹாம் என்ற பெயர் வந்தது. அந்தக் கால்வாயில் படகுகள் கொண்டுவந்த சரக்கில் முக்கியமானது விறகு. உப்பும் வைக்கோலும் கிளிஞ்சலும் அதோடு வந்தன. படகுகள் வந்து நிற்க வெட்டிய நீர்த்துறையின் பெயர்தான் பேசின் பிரிட்ஜில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1860களில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. நகரம் முழுக்க அடுப்பெரிந்தது இந்தச் சவுக்கில்தான். தெருவுக்குத் தெரு விறகுத்தொட்டி இருந்தது. தராசில் கட்டையை அடுக்கி எடை போட்டுக் கொடுப்பார்கள். அறுபதுகளின் புயல்களில் கால்வாய் சேதமடைந்து படகுப் போக்குவரத்து தேய்ந்தது. பிறகு மண்ணெண்ணெயும் கேஸும் வந்து விறகுத்தொட்டிகளை மூடின.

விறகு வாங்க வசதியில்லாத வீடுகளிலும் டீக்கடைகளிலும் மரத்தூள் அடுப்பு இருந்தது. பெரிய தகர டப்பா, அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலையோ உருளைக் கட்டையையோ நிறுத்தி, கீழ் ஓட்டையில் இன்னொரு குச்சியைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் கையால் இறுக்கி இறுக்கி அமுக்குவார்கள். பிறகு பாட்டிலைத் திருகி மெல்ல உருவினால் நடுவில் குழல் மாதிரி ஒரு வழி நிற்கும். அடியில் தீ வைத்தால் காற்று கீழே நுழைந்து மேலே போகும். உள்சுவர் மட்டும் கனன்று எரியும். சரியாக அமுக்கியிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஊதாமல், தள்ளாமல் ஒரே சீராக எரியும். சரியாக அமுக்காவிட்டால் பாதியில் தூள் சரிந்து வீடெல்லாம் புகை. வெர்மான்ட் பள்ளியின் கணினி வைத்த உலையும் இந்த டப்பாவும் தீர்க்கப் பார்த்த பிரச்சினை ஒன்றேதான்: தூளாகவும் துண்டாகவும் கிடக்கும் மரத்துக்குக் காற்றை அளந்து கொடுப்பது எப்படி. சாமில்லில் சாக்கு விலைக்குக் கிடைத்த கழிவை எரிபொருளாக்கியதும் ஒன்றுதான்.

இப்போது அந்தக் கழிவு எங்கே? மர அறுவைக்கும் தச்சு வேலைக்கும் சூளை, புரசைவாக்கம், ஓட்டேரிப் பக்கம் பழைய பெயர் உண்டு. அங்கே விழும் தூளுக்கும் இழைப்புச் சுருளுக்கும் இன்று சும்மா கிடக்கும் நிலை இல்லை. கோழிப் பண்ணையில் தரையில் பரப்பக் கேட்கிறார்கள். இயந்திரத்தில் அழுத்தி உருளைக் கட்டையாக்கி, வெள்ளைக்கரி என்று பெயர் சொல்லி, சாயப்பட்டறை பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் விற்கிறார்கள். சவுக்குக் கட்டை சாரம் கட்டப் போகிறது, மீதி காகித ஆலைக்குப் போகிறது. 2021 அக்டோபரில் மத்திய மின்துறை, அனல் மின்நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் உயிர்த்திரள் வில்லை (பயிர், மரக் கழிவை அழுத்திச் செய்த எரிபொருள்) கலக்கவேண்டும் என்று சொன்ன பிறகு, எரிகிற கழிவு எதற்கும் ஒரு விலை பிறந்திருக்கிறது. டார்பியில் வாங்க ஆளில்லாத மரம். இங்கே கழிவுக்கே போட்டி.

போட்டி குறைவாக இருக்கும் மரம் என்று பார்த்தால், துறைமுகத்தை ஒட்டிச் சேரும் பெட்டி மரமும், சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டான பேலட்டும்தான். மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் கிடங்குகளைச் சுற்றி உடைந்த பேலட் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். நல்லதைப் பழுது பார்த்து மறுபடி விற்பார்கள், மிச்சம் விறகு. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டியில் பூச்சி பரவக்கூடாது என்று 2002இல் வந்த உலக விதிப்படி, ஒவ்வொரு பேலட்டிலும் ஒரு முத்திரை குத்தவேண்டும். பக்கவாட்டுக் கட்டையைத் திருப்பிப் பார்த்தால் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் நாட்டின் குறியீடு, ஒரு எண், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. எச்டி என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், எரிக்கப் பயமில்லை. எம்பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் புகையூட்டியது. அதை எரிபொருள் குவியலில் சேர்க்கக்கூடாது. பெயின்ட் அடித்தது, பிளைவுட், பிசின் ஒட்டிய பலகை, காசிமேட்டில் உடைத்த படகுக் கட்டை, இவையெல்லாம் அதே ஒதுக்குப் பட்டியலில் வரும். வெர்மான்ட் பள்ளிகளுக்குப் போவது காட்டிலிருந்தும் மில்லிலிருந்தும் நேராக வரும் சுத்தமான மரம். நகரத்து மரக்கழிவு அப்படிப்பட்ட பொருளே இல்லை. ஆள் வைத்து ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் பார்த்துப் பிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் கலப்படக் குப்பையைத்தான் எரிப்போம்.

பள்ளியில் நெருப்பு வேண்டிய ஒரே இடம்

வட சென்னைப் பள்ளியில் சூடு தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று: சமையற்கூடம். அதற்கு இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார், அவர் வண்ணாரப்பேட்டைக்காரர். 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று அது வளர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தபோது சென்னையில் முதலில் சேர்க்கப்பட்டவை வட சென்னைப் பள்ளிகள்தான். காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, மதியம் சோறு, குழம்பு, முட்டை. மொத்தமும் கொதிநீர் வேலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 29 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நல்ல கேஸ் அடுப்பில் வெப்பத்தில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கிலோ கேஸுக்குச் சற்று மேல் ஆகும். மூன்று கல் வைத்து மூட்டிய விறகடுப்பில் பாத்திரத்துக்குச் சேருவது 15 சதவீதம் தேறினாலே பெரிது. அதே தண்ணீருக்கு 13 கிலோ காய்ந்த விறகு. காற்றோட்டம் பார்த்துக் கட்டிய நல்ல விறகடுப்பில் 5 கிலோ போதும். ஒரு பள்ளிக்கு இவ்வளவுதான் விஷயம். பெரிய அளவில் யோசித்து, 5,000 பிள்ளைகளுக்குச் சமைக்கும் மையக் கூடத்தில் நீராவி பாய்லர் வைத்தால்கூட, காலை உணவுக்கு 1,500 லிட்டர் தண்ணீர் என்று வைத்து, சமைக்கும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால், அறுபது எழுபது கிலோ காய்ந்த மரத்தில் வேலை முடிந்துவிடும். கேஸ் என்றால் சுமார் 24 கிலோ.

அறுபது கிலோ மரத்துக்கு யார் லாரி அனுப்புவார்கள்? சில்லாக்கும் இயந்திரம், உலர்த்தும் கொட்டகை, ஈரம் அளக்கும் ஆள் என்று ஒரு சங்கிலியே இருந்தால்தான் மரச்சில்லு வியாபாரம் நடக்கும். வெர்மான்ட்டில் ஒரு பள்ளி ஒரு குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான டன் எரிக்கும் இடத்தில் அந்தச் சங்கிலி தானாக உருவானது. முன்னே சொன்ன மணிக்கணக்கும் இங்கே வந்து நிற்கிறது. அங்கே குளிர்காலம் 200 நாள், பாய்லர் இரவும் பகலும் அணையாமல் இருக்கும். 4,800 மணி நேரம். நம் பள்ளிச் சமையல் வருஷத்தில் 220 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். 660 மணி நேரம். விலை உயர்ந்த இயந்திரத்தை வாங்கி வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஓட்டாமல் வைத்திருப்பது எந்தக் கணக்கில் சேரும்? அதோடு, சில்லு உலைக்கு அடிக்கடி மூட்டி அணைப்பது ஒத்துக்கொள்ளாது. சூடேறும்வரைக்கும் அணையும்போதும்தான் அது அதிகம் புகையும். தினமும் காலையில் மூட்டி மதியம் அணைத்தால் அதன் மோசமான முகத்தை மட்டுமே பார்ப்போம்.

நீராவி பாய்லருக்கு வேறு தொல்லைகளும் உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதையே, அதற்குப் பதிலாக 2025இல் வந்த புதிய கொதிகலன் சட்டமும் கேட்கிறது: பதிவு, சோதனை, தகுதிச் சான்று பெற்ற இயக்குநர். நியாயமான கேள்விகள்தான். அழுத்தத்தில் இருக்கும் நீராவியைப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் விளையாட்டாக வைத்திருக்க முடியாது.

பள்ளி, சமையல், நெருப்பு என்ற மூன்று சொல்லும் ஒன்றாக வந்தால் தமிழ்நாட்டில் எவருக்கும் கும்பகோணம் நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16. சமையலறை நெருப்பு கீற்றுக்கூரையில் பிடித்து மேலே பரவி 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை அகற்றப்பட்டது. பள்ளிச் சமையலை விறகிலிருந்து கேஸுக்கு மாற்றியதில் செலவுக் கணக்குக்கு அப்பால் இந்தக் காரணமும் இருக்கிறது. சத்துணவு ஆயாக்களின் கண்ணும் நெஞ்சும் இன்னொரு காரணம். வருஷக்கணக்காக அடுப்படியில் குனிந்து நிற்பவர் அவர். புகை முதலில் போவது அவருக்குள்தான். கேஸ் விலை ஏறிவிட்டது என்பதற்காக அவரை மறுபடி விறகுப் புகையில் நிறுத்தும் எந்தத் திட்டத்தையும் பசுமைத் திட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வராது.

யார் மூச்சில் போகிறது

காட்டுக்கு நடுவில், பக்கத்து வீடு அரை மைல் தள்ளி இருக்கும் பள்ளியில் ஒரு புகைபோக்கி சேர்வது வேறு. வட சென்னையில் சேர்வது வேறு. எண்ணூரில் 1970இல் தொடங்கிய 450 மெகாவாட் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின்நிலையமும் வல்லூரின் 1,500 மெகாவாட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரம், ரசாயனத் தொழிற்சாலைகளும். 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது, மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்தது. மூச்சுக்குள் போகும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பே 40. ஏற்கெனவே நிரம்பிய இந்தக் காற்றில் மரத்தின் துகளும் சேர்ந்தால், அது கார்பன் கணக்கில் சுத்தமாக இருந்து என்ன பயன்?

அந்தக் கார்பன் கணக்கும் அப்படி ஒன்றும் நேரானதில்லை. மரம் வளரும்போது எடுத்ததைத்தான் எரியும்போது விடுகிறது, ஆகவே கூட்டிக் கழித்தால் பூஜ்யம் என்பார்கள். வெட்டிய மரம் திரும்ப வளர நாற்பது ஐம்பது வருஷம் ஆனால், அதுவரை அந்தக் கார்பன் காற்றில்தான் இருக்கும். 2018 ஜனவரியில் ஏறக்குறைய 800 விஞ்ஞானிகள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு இதைத்தான் எழுதினார்கள்: கழிவை எரிப்பது வேறு, எரிப்பதற்கென்றே காட்டை வெட்டுவது வேறு. எப்படியும் மக்கப்போகும் சுள்ளியும் மரத்தூளும் என்றால் கணக்கு நல்லபடியாக வரும். நாலைந்து வருஷத்தில் வெட்டும் சவுக்குக்கும் ஓரளவு வரும். நூறு வருஷத்து மரத்துக்கு வரவே வராது.

மரத்துக்கு ஒரு விஷயத்தில் மட்டும் நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்: சாம்பல். பட்டையில்லாத சுத்தமான மரத்தில் சாம்பல் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அதையும் தோட்டத்தில் போடலாம். இந்திய நிலக்கரியில் 30, 40 சதவீதம் சாம்பல். செப்பாக்கத்தில் சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே வாழ்கிறவர்களையும், கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்த மீனவர்களையும் கேட்டால் அந்த வித்தியாசத்தை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆகவே இந்தப் பகுதியில் கிடைக்கும் சுத்தமான மரக்கழிவை எங்காவது எரித்துத்தான் ஆகவேண்டுமென்றால், ஏற்கெனவே வடிகட்டியும் உயரமான புகைபோக்கியும் சான்று பெற்ற இயக்குநரும் வைத்து, நாள் முழுக்க நீராவி கேட்கும் தொழிற்சாலை பாய்லரில் கரிக்குப் பதிலாக எரிக்கலாம். பள்ளிச் சமையற்கூடத்துக்குக் கேஸோ, மின்சார அடுப்போ போதும். எட்டு மணிக்குள் உப்புமா இறங்கிவிடும்.

வெர்மான்ட்டிடமிருந்து இங்கே எடுத்துக்கொள்ளத் தக்கது பாய்லரைவிட அந்த வாங்கும் முறைதான். அங்கே பள்ளி நிர்வாகம் சில்லு வாங்கும்போது துண்டின் அளவு, ஈரம், மண் கல் கலப்பு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஆஸ்திரியாவில் சில ஊர்களில் இன்னும் ஒரு படி மேலே போய், மரத்தின் எடைக்குப் பணம் கொடுக்காமல், கட்டடத்துக்குள் வந்து சேர்ந்த வெப்பத்தை மீட்டரில் அளந்து கொடுக்கிறார்கள். ஈர மரத்தைத் தள்ளிவிட்டால் நஷ்டம் விற்றவருக்கு. எடைக்குப் பணம் என்றால் தண்ணீரைத்தான் விலை கொடுத்து வாங்குவோம். விறகுத்தொட்டியில் நனைந்த கட்டையை வாங்கி ஏமாந்த தலைமுறைக்கு இது புரியாத விஷயமில்லை.

இந்த முறை இங்கே உடனடியாக உதவக்கூடிய இடம் புயல் மரம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. தெருவை அடைத்த கிளைகளை வெட்டி, கிடைத்த காலி இடத்திலெல்லாம் குவித்தார்கள். இத்தனை மரம் ஒரே வாரத்தில் வந்தால் எந்த மரவாடியும் வாங்காது, அடுத்த புயலுக்கும் வாங்காது. மண்டலத்துக்கு ஒரு கிளை நொறுக்கும் இயந்திரமும், மழை படாத ஒரு கொட்டகையும், சில்லை ஈர அளவு பார்த்து எடுத்துக்கொள்ள ஓர் ஆலையோடு முன்கூட்டியே போட்ட ஒப்பந்தமும் இருந்தால் டார்பியில் செய்ததை இங்கே செய்யலாம். இலையும் மெல்லிய குச்சியும் பூங்காவில் செடியடியில் பரப்ப, நடுத்தரக் கிளை ஆலைக்கு, அடிமரம் ஏலத்துக்கு. பேலட் மரத்தையும் அதே கொட்டகையில் முத்திரை பார்த்துப் பிரிக்கலாம். ஒப்பந்தம் போடவேண்டியது புயல் மாதத்தில் அல்ல, சித்திரை வைகாசியில். அக்டோபர் பிறந்துவிட்டால் மாநகராட்சியில் எல்லோருக்கும் மழைநீர் வடிகால் வேலைதான்.